மழையை நம்பாத தண்ணீர் எரிவாயுவை நம்பி ஓடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழேயுள்ள காப்பிக்கடையில் காலைதோறும் கூடும் ஓய்வுபெற்றவர்களில் நானும் ஒருவன். தண்ணீர்க் கட்டணச் சீட்டு வரும் வாரங்களில் அங்கே ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது. "கழிவுநீரையும் நாமே சுத்திகரிக்கிறோம், கடல்நீரையும் நாமே குடிநீராக்குகிறோம், இனி யாரிடமும் கையேந்த வேண்டாம் என்கிறார்கள், அப்படியிருக்கத் தண்ணீர் விலை மட்டும் ஏன் ஏறுகிறது?" என்பதே அந்தக் கேள்வி. நாமே தயாரிக்கத் தொடங்கியதால்தான் ஏறுகிறது என்று நான் சொன்னபோது, நண்பர்கள் அதை அரசாங்கத்துக்குப் பரிந்து பேசும் பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். நான் சொல்ல வந்தது அதுவன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் அறிவியல் கற்பித்தவன் என்ற முறையில், கணக்கோடு அதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

முதலில் விலையைப் பற்றிய விவரம். 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு பதினேழு ஆண்டுகள் அசையாமல் இருந்த தண்ணீர் விலை, 2017-இலும் 2018-இலும் இரு கட்டங்களாக 30 விழுக்காடு உயர்ந்தது. அடுத்து 2024 ஏப்ரலில் கன மீட்டருக்கு 20 காசும், 2025 ஏப்ரலில் 30 காசும் கூடியதில், வீடுகளில் மாதம் 40 கன மீட்டருக்கு உட்பட்ட பயன்பாட்டுக்கு 2 வெள்ளி 74 காசாக இருந்தது 3 வெள்ளி 24 காசாயிற்று. ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். அதாவது ஒரு காசுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கிடைக்கிறது. இந்தக் கணக்குக்குப் பின்னர் மீண்டும் வருகிறேன்.

சிங்கப்பூரில் தண்ணீர் அருகியிருப்பதற்கு மழையின்மை காரணமன்று என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இத்தீவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பில் விழும் அந்த மழை முழுவதையும் பிடித்துவைக்க முடியுமானால், அது 1,750 மில்லியன் கன மீட்டரைத் தாண்டும். நாம் இன்று நாளொன்றுக்குப் பயன்படுத்துவது ஏறத்தாழ 440 மில்லியன் கேலன். ஆண்டுக்கு 730 மில்லியன் கன மீட்டர். வானம் நமக்குக் கொடுப்பது நமது தேவையைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம் என்றாகிறது. கொடுப்பதை வாங்கி வைக்கத்தான் இடமில்லை. பெரிய ஆறு இல்லை, ஏரி இல்லை, மலையடிவாரம் இல்லை, நீரைச் சேர்த்துவைக்கும் பாறைப் படுகை இல்லை. வீடமைப்புப் பேட்டையும் விரைவுச்சாலையும் தொழிற்பேட்டையும் விமான நிலையமும் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும் நிலத்தில் குளம் வெட்டத் தனியாக இடம் ஒதுக்க முடியாது.

ஆகவே, ஊரையே குளத்தின் வரத்துக்காலாக மாற்றினார்கள். இன்று 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்பிடிப்புப் பகுதியாக உள்ளது. நாம் குடியிருக்கும் புளோக்குகளின் கூரையில் விழும் மழையும், கால்வாய்களும் வடிகால்களும் வழியாக ஏதோவொரு நீர்த்தேக்கத்தைச் சென்றடைகிறது. 1977-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் துப்புரவு செய்யாமல் இருந்திருந்தால், 2008-இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டின் பின்னால் தேங்கி நிற்பது குடிக்கத்தக்க நீராக இருந்திருக்காது. பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டதையும், தெருவோரக் கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டதையும் நேரில் கண்ட தலைமுறை எங்களுடையது. அந்த மாற்றத்தால் சில குடும்பங்கள் பட்ட வலியையும் நாங்கள் அறிவோம். அந்த விலையைக் கொடுத்துத்தான் நகரின் நடுவே ஒரு நீர்த்தேக்கத்தைப் பெற்றோம்.

அதற்கும் முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பதைச் சொல்ல எங்கள் வயதுக்காரர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறோம். 1963 ஏப்ரலில் தொடங்கி 1964 பிப்ரவரி வரை பத்து மாதம் இங்கே தண்ணீர் முறைவைத்து விடப்பட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பொத்தோங் பாசிர் கம்பத்தில் இருந்தோம். பொதுக்குழாயில் நீர் நிற்பதற்கு முன் நிரப்பிவிட வேண்டும் என்று, விடியுமுன்பே என் தாயார் மண்ணெண்ணெய்த் தகரங்கள் இரண்டைக் காவடித்தண்டில் மாட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்பார். நிரம்பிய தகரத்தின் மேல் ஓர் இலையைப் போட்டு மிதக்கவிடுவார். நடக்கையில் தளும்பிச் சிந்தாமல் இருக்க அது உதவும். அரிசி களைந்த நீர் பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் போயிற்று. துணி அலசிய நீர் படியைக் கழுவப் போயிற்று. இதை ஏதோ பொற்காலம் போல நினைத்து நான் எழுதவில்லை. என் தாயாரின் தோளில் இருந்த காய்ப்பு அவர் மறையும் வரை மறையவில்லை.

அந்நாளில் நமக்கிருந்த கவலைக்கு மழை குறைந்தது மட்டும் காரணமன்று. அண்டை நாடான மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலிருந்து நீர் கொண்டுவரும் ஏற்பாடு 1927-ஆம் ஆண்டு உடன்பாட்டிலிருந்தே நடப்பில் இருந்துவந்தது. 1942 ஜனவரி இறுதியில் பிரிட்டிஷ் படைகள் பின்வாங்கியபோது கடற்பாலத்தைத் தகர்த்தார்கள். பாலத்தோடு சேர்ந்து நீர்க்குழாயும் அறுந்தது. இரண்டு வாரம் கழித்து நகரம் ஜப்பானியரிடம் சரணடைந்ததற்குத் தண்ணீர் விநியோகம் சீர்குலைந்ததும் ஒரு காரணமாயிற்று. ஒரு குழாயை நம்பியிருக்கும் ஊரின் கதி என்னவென்று அன்றே கண்டோம். பின்னர் 1961-இலும் 1962-இலும் ஜொகூருடன் இரண்டு உடன்பாடுகள் கையெழுத்தாயின. 1965-இல் மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்தபோது அவை உறுதிசெய்யப்பட்டன. முதலாவது 2011-இல் முடிந்துவிட்டது. இரண்டாவது 2061 வரை நடப்பில் இருக்கும்; அதன்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாள்தோறும் 250 மில்லியன் கேலன் வரை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் கேலனுக்கு மூன்று சென் விலை. அந்த விலையை மறுஆய்வு செய்யும் உரிமை 1987-ஆம் ஆண்டோடு கடந்துவிட்டது என்பது நமது நிலைப்பாடு. மலேசியா அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு வாதத்துக்குள் நான் நுழையப் போவதில்லை. இங்கே கவனிக்க வேண்டியது அளவைத்தான்: நம் நாளாந்தத் தேவையில் பாதிக்கும் மேற்பட்டதை அந்த ஓர் ஆற்றிலிருந்து எடுக்க நமக்கு உரிமை இருக்கிறது. உரிமை இருந்தாலும் ஆற்றில் நீர் இருக்க வேண்டுமே. அந்த ஆற்றில் நீரோட்டத்தைக் காக்க 1995-இல் கட்டி முடிக்கப்பட்ட லிங்கியூ நீர்த்தேக்கம், 2016 அக்டோபரில் இருபது விழுக்காட்டுக்கு வற்றியது. ஆற்றில் அம்மோனியா கலந்ததால் நீர் எடுப்பதை நிறுத்த நேர்ந்ததும் ஒரு முறைக்கு மேல் நடந்திருக்கிறது.

இத்தகைய நிலையில், மழையையும் அண்டை நாட்டையும் சாராத நீர் வேண்டுமென்று நம் நாடு தேடியதில் வியப்பில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீர் என்பது 2003-இல் திடீரென்று வந்த கண்டுபிடிப்பு என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். 1974-இலேயே ஜூரோங்கில் ஒரு சோதனை ஆலை நிறுவப்பட்டு, செலவு கட்டுப்படியாகாததாலும் கருவிகள் நம்பத்தக்கவையாக இல்லாததாலும் ஓராண்டு கடந்த சிறிது காலத்திலேயே மூடப்பட்டது. பிறகு உலகச் சந்தையில் நீரை வடிகட்டும் சவ்வுகளின் விலை இறங்கி, தரம் உயரும்வரை காத்திருந்தார்கள். அந்தப் பொறுமையை நான் இன்றும் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வேன். 2002 தேசிய தின அணிவகுப்பில் பல்லாயிரக்கணக்கானோர் புதுநீர்ப் புட்டிகளை உயர்த்திப் பிடித்துக் குடித்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, என் தாயார் புருவத்தைச் சுருக்கி, "சுத்தம்தானே?" என்று மட்டும் கேட்டார். நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல், புறஊதாக் கதிர் என்ற மூன்று படிகளையும் நான் விளக்கி முடிக்கும் முன்பே அவர் உறங்கிப்போயிருந்தார்.

கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் ஆலை 2005-இல் துவாஸில் தொடங்கியது; இன்று அத்தகைய ஆலைகள் ஐந்து இருக்கின்றன. உள்ளூர் மழைநீர், ஜொகூர் நீர், புதுநீர், கடல்நீர் ஆகிய நான்கையும் நான்கு தேசியக் குழாய்கள் என்று பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள். பின்னிரண்டைப் பற்றிப் பேசும்போது ‘வானிலையைச் சாராதவை’ என்ற அடைமொழியைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. அது உண்மைதான். எதைச் சாராதவை என்பதை மட்டும் சொல்லி, எதைச் சார்ந்தவை என்பதைச் சொல்லாமல் விடுவதைத்தான் நான் குறையாகக் காண்கிறேன்.

கணக்கு எளிது. நீர்த்தேக்கத்து மழைநீரைச் சுத்திகரிக்க ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 0.2 யூனிட் மின்சாரம் போதும். புதுநீருக்கு ஒரு யூனிட் அளவு ஆகிறது. கடல்நீருக்கு ஏறத்தாழ மூன்றரை யூனிட் வேண்டும். உப்பைத் தண்ணீரிலிருந்து பிரிப்பதற்கு, மயிரிழையினும் நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வின் ஊடே கடல்நீரைப் பேரழுத்தத்தில் தள்ள வேண்டியிருக்கிறது; அந்தத் தள்ளுதலுக்குத்தான் மின்சாரத்தின் பெரும்பகுதி செலவாகிறது. மழைநீரை நம்பியிருந்த காலத்தோடு ஒப்பிட்டால், கடல்நீரில் ஒவ்வொரு சொட்டுக்கும் பதினேழு மடங்குக்கு மேல் மின்சாரம் செலவாகிறது. அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நம் நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்துக் கிடைப்பது. அந்த எரிவாயுவில் ஒரு சொட்டும் நம் மண்ணில் ஊறுவதில்லை. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் குழாய் வழியாக வருகிறது. மீதி திரவமாக்கப்பட்டுக் கப்பலில் வருகிறது. கடற்பாலத்துக் குழாய் அறுந்தால் என்ன செய்வது என்று அஞ்சி நாம் தேடிக்கொண்ட மாற்றுவழி, வேறொரு குழாயின் முனையில்தான் நிற்கிறது. நான்கு தேசியக் குழாய்களோடு, எண்ணப்படாத ஐந்தாவதாக எரிவாயுக் குழாயையும் எண்ண வேண்டும்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றாமலிருக்க, எதிர்த்தரப்புக் கணக்கையும் நானே போட்டுவிடுகிறேன். 2061-க்குப் பிறகு ஜொகூர் நீர் அறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த 250 மில்லியன் கேலனையும் கடலிலிருந்தே எடுப்பதென்றால், இன்றைய தொழில்நுட்பத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மில்லியன் யூனிட், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,450 மில்லியன் யூனிட் மின்சாரம் தேவைப்படும். நாடு இன்று பயன்படுத்தும் மொத்த மின்சாரத்தில் அது நூற்றுக்கு மூன்று பங்கைக்கூட எட்டாது. இவ்வளவுதானா என்று கேட்கலாம். அளவில் சிறிதுதான். ஆயினும் குளிரூட்டியை நிறுத்திவைக்கலாம், கடைத்தெரு விளக்குகளை அணைக்கலாம், தொழிற்சாலையின் இரவு வேலையைக்கூட ஒரு வாரம் தள்ளிப்போடலாம். குடிநீர் ஆலையை நீண்ட நேரம் நிறுத்திவைக்க முடியாது. எரிவாயு விலை எகிறும்போது, அல்லது வரத்து தடைபடும்போது, முதலில் காப்பாற்றப்பட வேண்டிய மின்சாரம் இதுவாகவே இருக்கும். தேவையோ 2065-க்குள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று நாட்டின் தண்ணீரை நிர்வகிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகமே கணித்திருக்கிறது. அப்போது என் கணக்கிலுள்ள எண்கள் சிறியவையாக இருக்கமாட்டா.

மின்சாரமும் தண்ணீரும் ஒன்றையொன்று எப்படிக் கவிழ்க்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. ஹைஃபிளக்ஸ் நிறுவனம் துவாஸில் கடல்நீர் ஆலையோடு சேர்த்து ஒரு மின்நிலையத்தையும் கட்டியது. ஆலைக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை விற்று, அந்த வருமானத்தால் தண்ணீரை மலிவாகக் கொடுக்கலாம் என்பது திட்டம். மின்சந்தையில் விலை வீழ்ந்தபோது அந்தத் திட்டம் தலைகீழாயிற்று. கடைசியில் 2019 மே மாதம் கடல்நீர் ஆலையைக் கழகமே எடுத்துக்கொண்டது. குழாயில் ஒரு சொட்டும் தடைபடவில்லை. ஆனால் அந்நிறுவனத்தின் பத்திரங்களில் ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டிருந்த பல்லாயிரம் சாதாரண மக்கள் பணத்தை இழந்தார்கள். எங்கள் காப்பிக்கடை மேசையிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். தண்ணீர் என்றால் என்றைக்கும் நட்டம் வராது என்று நம்பிப் போட்டதாகச் சொல்வார்.

நம் பொறியாளர்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்றரை யூனிட்டை இரண்டுக்குக் கீழே இறக்கும் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் 2021-இல் திறக்கப்பட்ட மிதக்கும் சூரியத் தகடுப் பண்ணை, கழகத்தின் ஆண்டு மின்தேவையில் ஏறத்தாழ ஏழு விழுக்காட்டை ஈடுசெய்கிறது. மரினா ஈஸ்டில் உள்ள ஆலையை நான் தனியாகப் பாராட்டுவேன். மழைக்காலத்தில் அது மரினா நீர்த்தேக்கத்து நன்னீரைச் சுத்திகரிக்கும். வறட்சியில் மட்டும் கடல்நீரை எடுக்கும். மலிவான நீர் கையிலிருக்கும்போது விலையுயர்ந்த நீரைத் தொடாதே என்ற குடும்பத்தலைவியின் சிக்கனம் அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது. ஆலைக்குள் இருக்கும் இந்த விவரம் ஆலைக்கு வெளியே, கட்டணம் செலுத்தும் நமக்கு வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

இனி விலைக்கு வருகிறேன். விலையை ஏற்றினால் மக்கள் சிக்கனமாக இருப்பார்கள் என்பது பொருளியல் பாடம். நமது அனுபவம் அதைப் பாதிதான் மெய்ப்பிக்கிறது. 2003-இல் ஒருவர் நாளொன்றுக்கு வீட்டில் 165 லிட்டர் பயன்படுத்தினார். 2018-இல் அது 141 லிட்டராகக் குறைந்தது. கிருமித்தொற்றால் எல்லாரும் வீட்டிலிருந்த 2020-இல் 154-க்கு ஏறி, 2023-இல் மீண்டும் 141-க்கு வந்தது. விலையேற்றத்தின் முதல் கட்டம் நடப்புக்கு வந்த 2024-இல் 142 லிட்டர். 2030-க்குள் 130 லிட்டர் என்பது இலக்கு. ஒருவரின் மாதத் தண்ணீர்ச் செலவு ஏறத்தாழ 14 வெள்ளி. காப்பிக்கடையில் ஒரு கோப்பை தேநீருக்குக் கொடுக்கும் பணத்துக்கு நானூறு லிட்டர் தண்ணீர் வந்துவிடுகிறது. வசதியுள்ள வீட்டுக்கு இந்த விலை உறைக்காது. வசதியில்லாத வீட்டுக்கு உறைக்கும். அதை அரசாங்கம் தரும் யு-சேவ் கட்டணத் தள்ளுபடி ஈடுசெய்கிறது, செய்யவும் வேண்டும். ஆக, ஏறிய விலையைக் கண்டு குளியலறையில் குழாயை மூடுகிறவர் நடுவிலே கொஞ்சப்பேர்தான். விலை ஏற்றம் தேவையில்லை என்று நான் வாதிடவில்லை. மாதத்துக்கு இரண்டு வெள்ளி கூடியதைக் கண்டு ஒரு நாடு தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது சரியன்று என்கிறேன்.

வீட்டில் தண்ணீர் பெருமளவு செலவாகும் இடம் குளியலறை. அங்கே இன்னொரு கணக்கும் மறைந்திருக்கிறது. ஒரு கன மீட்டர் நீரைப் பத்துப் பாகை சூடாக்க ஏறத்தாழ பதினோரு யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். கடலிலிருந்து அந்த நீரை எடுப்பதற்கு ஆன மின்சாரத்தைவிட மூன்று மடங்கு அது. பதினைந்து நிமிடம் வெந்நீர்ப் பூவாளியின் கீழ் நிற்பவர், தண்ணீரையும் எரிவாயுவையும் இருமுறை செலவழிக்கிறார். என் பேரப்பிள்ளைகளிடம் ஐந்து நிமிடம் என்று சொல்லிப் பார்த்தேன், பலனில்லை. பிறகு பழைய வழக்கப்படி ஒரு வாளியும் செம்பும் குளியலறையில் வைத்தேன். வாளி நிறைந்தால் பதினைந்து லிட்டர் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பூவாளியிலிருந்து கொட்டும் நீரின் அளவு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. இளையவள் ஒருத்தி மட்டும், விளையாட்டாகவோ என்னவோ, வாளிக்கு மாறினாள். அண்ணன் இன்னும் மாறவில்லை.

வீடுகளைப் பற்றியே இவ்வளவு பேசுவது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நாட்டின் தண்ணீரில் வீடுகளின் பங்கு ஏறத்தாழ 45 விழுக்காடு. மீதி தொழில்துறையும் வணிகமும் எடுப்பது. அந்தப் பங்கு 2065-க்குள் அறுபது விழுக்காட்டைத் தாண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. தாய்மார்களுக்கு அரிசி களைந்த நீரைச் செடிக்கு ஊற்றச் சொல்லிப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் அதே வேளையில், எந்தத் துறை எவ்வளவு எடுக்கிறது என்ற பட்டியலும் அதே தெளிவோடு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். கணினிச் சில்லுகளைச் செய்யும் சில்லுத் தகடு ஆலைகளுக்குப் புதுநீர் மிகப் பொருத்தமானது. அந்த ஆலைகள் பயன்படுத்திய நீரில் பெரும்பங்கைத் திரும்பத் தூய்மையாக்கிக்கொள்ளவும் முடியும். 2024 ஜனவரி முதல் சில்லுத் தகடு, மின்னணுவியல், உயிர்மருத்துவத் துறைகளில் புதிதாக வரும் பெரிய ஆலைகள் நீரை மறுபயனீடு செய்தே ஆக வேண்டும் என்று விதிக்கப்பட்டிருப்பது சரியான அடி. பழைய ஆலைகளுக்கும் அவ்விதி ஒரு காலக்கெடுவோடு நீள வேண்டும் என்பது என் கருத்து.

இதைவிடச் சிக்கலானது குளிரூட்டும் கோபுரம். தரவு நிலையங்களின் வெப்பத்தையும் பெரிய கட்டடங்களின் வெப்பத்தையும் வெளியேற்ற அங்கே நீரை ஆவியாக்குகிறார்கள். வீட்டில் நாம் பயன்படுத்தும் நீரில் பெரும்பகுதி கழிவுநீராகி, ஆழச் சுரங்கக் குழாயில் ஈர்ப்பு விசையாலேயே ஓடிச் சாங்கிக்குப் போய், மறுபடி புதுநீராக முடியும். ஆவியாகிப் போன நீர் கழிவுநீர்க் குழாய்க்கு வராது. அது வானத்துக்குப் போய் வேறெங்கோ மழையாகப் பெய்யும். ஒரே ஒரு லிட்டரைப் பலமுறை சுற்றவிடுவதுதான் புதுநீரின் முழுச் சூட்சுமம் என்கிறபோது, அந்தச் சுற்றிலிருந்து நீரை ஒரேயடியாக வெளியே எடுத்துவிடும் பயன்பாட்டுக்குத் தனி விலை வைப்பதில் தவறில்லை. ஒரு லிட்டரை வாங்கி, கழுவி, திருப்பிக் கொடுக்கிறவரையும், வாங்கி ஆவியாக விட்டுவிடுகிறவரையும் ஒரே தராசில் நிறுப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

கழகத்திடம் நான் முன்வைக்கும் வேண்டுகோள் பெரிதன்று. நம் கட்டணச் சீட்டில், அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டு நம் பயன்பாடு காட்டப்படுகிறது. அதற்குக் கீழே இன்னொரு வரியைச் சேர்க்கலாம்: இம்மாதம் உங்கள் வீட்டுக்கு வந்த தண்ணீரைத் தயாரிக்க இத்தனை யூனிட் மின்சாரம் செலவாயிற்று என்று. மழை நிறையப் பெய்த மாதத்தில் அந்த எண் இறங்கும். வறண்ட மாதத்தில் கடல்நீர் ஆலைகள் ஓடும்போது ஏறும். நால்வர் உள்ள ஒரு குடும்பத்துக்கு முழுக்க முழுக்கக் கடல்நீரையே கொடுத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ அறுபது யூனிட் ஆகும். ஒரு குளிர்சாதனப் பெட்டி மாதம் முழுதும் இழுப்பதைவிட அது அதிகம். எண்ணைப் பார்த்த பிறகு வாளிக்கு மாறுவார்களோ மாட்டார்களோ, விலை ஏன் ஏறுகிறது என்ற கேள்விக்கு விடையாவது ஒவ்வொரு மாதமும் அச்சில் வந்துவிடும். தொழில்துறைக்கும் இதே போன்ற கணக்கை, துறைவாரியாக, ஆண்டுக்கொரு முறை வெளியிட்டால் போதும்.

ஜொகூரைப் பற்றியும் ஒரு சொல். 2061-ஐ நாம் ஒரு தப்பித்தல் நாளாகவே பேசப் பழகிவிட்டோம். அதற்குள் தன்னிறைவு அடைந்துவிட வேண்டும் என்ற இலக்கும் இருக்கிறது. அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் மின்சாரக் கணக்கைப் பார்த்த பிறகு, ஓர் ஆற்றில் இயல்பாக ஓடி வரும் நன்னீருக்கு உள்ள மதிப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆற்றின் கரையில் இருப்பவர்களுக்கும் தண்ணீர்த் தட்டுப்பாடு வருகிறது. வறட்சிக் காலங்களில் அவர்கள் கேட்டு, நாம் கூடுதலாகச் சுத்திகரித்த நீரை அனுப்பிய ஆண்டுகளும் உண்டு. ஆற்றின் தலைமாட்டுக் காடுகளைக் காப்பதிலும், கழிவு கலக்காமல் தடுப்பதிலும் இரு தரப்பும் சேர்ந்து செய்யும் செலவு, துவாஸில் ஆறாவதாக ஓர் ஆலை கட்டும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது. 2061-க்குப் பிறகும் வாங்குவதும் கொடுப்பதும் தொடர வேண்டுமானால், அதற்கான பேச்சை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே தொடங்குவது அவசரமாகாது.

பிடோக்கில் இருந்த புதுநீர் வருகையாளர் நிலையத்துக்கு, அது 2024-இல் மூடப்படும் முன்பு, பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தேன். சவ்வுக் குழாய்கள் அடுக்கடுக்காக நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவன், இவையெல்லாம் எதனால் ஓடுகின்றன என்று கேட்டான். மின்சாரத்தால் என்றேன். மின்சாரம் நின்றுவிட்டால்? அதற்கான துணை ஏற்பாடுகளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். வெளியே வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது, கூரையிலிருந்து வழிந்து வடிகாலுக்குள் போகும் நீரைக் காட்டி, "இதற்கு மின்சாரம் வேண்டாமா, தாத்தா?" என்று கேட்டான். கொஞ்சம் வேண்டும் என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
அங் மோ கியோ